'முழு இதயப் பரிசோதனை' பேக்கேஜ், 2,499 ரூபாய்: முடக்குவாதம் இருப்பவர்கள் எடுக்கலாமா?

கும்பகோணத்தில் ஆடி பிறந்தால் துணிக்கடைக்காரர்கள் மட்டும் தட்டி வைப்பதில்லை, லேபுகளும் வைக்கின்றன. '5,000 ரூபாய் மதிப்புள்ள முழு இதயப் பரிசோதனை ஆடிச் சலுகையில் வெறும் 2,499' என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் வழியெல்லாம் பேனர். அம்மாவுக்கு 58 வயது. பல வருஷமாக முடக்குவாதம், டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பது, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்களே அதுதான். தஞ்சாவூரில் அவரைப் பார்க்கும் மூட்டுவாத டாக்டர் போன முறையே "ஹார்ட்டையும் ஒரு தடவை பார்த்துடுங்க" என்று சொல்லியிருந்தார், சரி, தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று அழைத்துப் போனேன்.

லேபின் பெயரைப் போடவில்லை. தஞ்சாவூர், மாயவரம், திருவாரூர், மன்னார்குடி, எங்கே போனாலும் கிட்டத்தட்ட இதே பேக்கேஜை வேறு வேறு பெயரில் விற்கிறார்கள், அதனால் இது பேக்கேஜுக்கான விமர்சனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூட்டு நோய் எதுவும் இல்லாத, நாற்பது தாண்டியவர் எடுத்தால் கொடுத்த காசுக்கு மோசமில்லை. முடக்குவாதக்காரர் எடுத்தால் பாதிதான் பயன், அந்தப் பாதியைக்கூட அந்த லேப் டாக்டர் சொல்வதை வைத்துப் புரிந்துகொள்ளக் கூடாது.

உள்ளே என்னென்ன இருக்கிறது என்றால், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சர்க்கரை, மூன்று மாத சராசரி, கொலஸ்ட்ரால் வகையறா, கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள், யூரின், ஈசிஜி, எக்கோ என்கிற இதய ஸ்கேன், டிரெட்மில், கடைசியில் ஒரு டாக்டர் ஆலோசனை. காலை 7 மணிக்கு டோக்கன். இடம் சுத்தம், ஊசி புதுசாகப் பிரிக்கிறார்கள், பேச்சு மரியாதை. ரத்தம் கொடுத்த பிறகு பக்கத்து ஓட்டலில் சாப்பிட ஒரு கூப்பன் தருகிறார்கள். இட்லி, நெய் மிதக்கும் பொங்கல், மெதுவடை. இதயப் பரிசோதனைக்கு வந்தவர்களுக்கு இப்படி ஒரு தட்டு கொடுக்கும் தைரியம் நம்ம ஊருக்குத்தான் வரும், ஆனால் வடையைக் குறை சொல்ல மாட்டேன்.

பிரச்சினை ஆரம்பமானது விண்ணப்பத்தில். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, தைராய்டு, புகை, குடும்பத்தில் யாருக்காவது மாரடைப்பு வந்ததா என்று வரிசையாகக் கட்டங்கள். முடக்குவாதத்துக்குக் கட்டம் கிடையாது. 'மற்றவை' என்ற இடத்தில் நான் தெளிவாக எழுதிக் கொடுத்ததை, கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் 'ஜாயின்ட் பெயின்' என்று அடித்தார். வயலில் நின்றதால் வந்த முட்டி வலியும், உடம்பு தன் மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோயும் அந்த இரண்டு சொல்லில் ஒன்றாகிவிட்டன. பிரிட்டனில் இதய ஆபத்தைக் கணக்கிட டாக்டர்கள் பயன்படுத்தும் கியூரிஸ்க் என்ற கணக்கில் முடக்குவாதத்துக்கென்றே தனிக் கேள்வி இருக்கிறது, சர்க்கரைக்கு இருப்பது போலவே. இங்கே அது வெறும் வலி.

அடுத்தது ரத்தம் எடுக்கும் அறை. பட்டையைக் கட்டிவிட்டு அந்தப் பையன் "அம்மா, கையை நல்லா இறுக்கி மூடுங்க" என்றான். அம்மாவின் வலது கையில் விரல்கள் உள்ளங்கையைத் தொட்டே ரொம்ப நாளாகிறது, பாதி மடங்கி நின்றுவிடும். பையன் மறுபடியும் "இன்னும் கொஞ்சம் மூடுங்கம்மா" என்றான். "தம்பி, இது மூடுற கையா இருந்தா நான் ஏம்ப்பா இங்க வரப்போறேன்" என்றார் அம்மா. அவன் சிரித்துவிட்டு, கையைத் தொங்கவிடச் சொல்லி, மெல்லத் தேய்த்து, நரம்பைப் பிடித்துவிட்டான். நல்ல பையன், அவனுக்கு மட்டும் தனியாக ஐந்து ஸ்டார் கொடுக்கலாம். ஆனால் எக்கோ முதல் மாடியில். லிஃப்ட் இருக்கிறது, ஒன்பது மணிக்குத்தான் போடுவார்களாம். காலை நேரத்தில் மூட்டு விறைத்துக் கிடக்கும் ஆளைப் படி ஏறச் சொல்கிறார்கள்.

டிரெட்மில்தான் உச்சம், ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் டெஸ்ட். அந்தப் பட்டை முதல் மூன்று நிமிஷம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், 10 சதவீத ஏற்றத்தில் ஓடும், அப்புறம் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும். நாடித் துடிப்பு ஒரு அளவை எட்ட வேண்டும், 220-இல் வயதைக் கழித்து அதில் 85 சதவீதம், அம்மாவுக்கு அது 138 வருகிறது. அம்மாவுக்குப் பாதத்தின் முன்பக்க மூட்டுகள் எல்லாம் வீக்கம், வீட்டுக்குள்ளேயே மெத்துச் செருப்பு இல்லாமல் நடக்க மாட்டார். "கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்கம்மா" என்கிறார் டெக்னீஷியன், எதைக் கொண்டு பிடிப்பது? இரண்டாவது கட்டம் தொடங்கியதுமே இறங்கிவிட்டார். ரிப்போர்ட்டில் 'இலக்கை எட்டவில்லை, முடிவு கூற இயலாது' என்று போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஒரு டெஸ்டுக்கான காசைக் குறைக்கக் கூடாதா என்று கேட்டதற்கு மேனேஜர் "அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க மேடம், ஃப்ரீயா இன்னொரு தடவை நடக்க விடுறோம்" என்றார். பெருந்தன்மைதான்.

ஓட முடியாதவர்களுக்கு மருந்து கொடுத்து இதயத்தை வேகமாகத் துடிக்கவிட்டு எக்கோ பார்க்கும் முறை இருக்கிறது, பெரிய மருத்துவமனைகளில் செய்கிறார்கள். அதைப் பற்றி இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதோடு சேர்த்து இன்னொன்று. "மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா? நடந்தால் நெஞ்சு இறுக்குமா?" என்று ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள், அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று டிக் அடித்தார். முதல் மாடிக்கே என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறியவர், வேகமாக நடந்தே வருஷக்கணக்காகிறது, மூச்சு வாங்கும் அளவுக்கு அவர் எங்கே நடக்கிறார்? முடக்குவாதக்காரர்களுக்கு இதய நோய் அமுங்கிக் கிடக்க இது ஒரு பெரிய காரணம். அறிகுறி தெரியும் அளவுக்கு உடம்பு வேலை செய்வதில்லை. அப்படியே நெஞ்சிலோ தோளிலோ வலித்தாலும் 'இதுவும் அந்த வாதம்தான்' என்று ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். முதல் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு மீட்டர் முள், 'அடுத்த 10 ஆண்டு இதய ஆபத்து: குறைவு'. மொத்த கொலஸ்ட்ரால் 148, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 82. ஆலோசனை டாக்டர் பேப்பரைப் புரட்டிவிட்டு "சூப்பர்மா, உங்க பொண்ணுக்கே இப்படி இருக்காது" என்றார். ஹீமோகுளோபின் குறைவு என்பதற்கு முருங்கைக்கீரையும் இரும்பு மாத்திரையும். நாலு நிமிஷத்தில் ஆலோசனை முடிந்தது.

அதே ரிப்போர்ட்டைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். மூட்டுவாத டாக்டர் கொலஸ்ட்ரால் பக்கத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ரத்தம் எடுத்த வாரம் கை வீக்கம் எப்படி இருந்துச்சு?" நல்ல வீக்கம், காலையில் இரண்டு மணி நேரம் விறைப்பு. "அப்போ இந்த 82-ஐ நான் நம்ப மாட்டேன்" என்றார். இது எனக்குப் புதுசு, உங்களில் பலருக்கும் புதுசாக இருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முடக்குவாதத்தில் அழற்சி, அதாவது மூட்டை வீங்க வைக்கும் அந்த உள் எரிச்சல், கொழுந்துவிட்டு எரியும்போது கொலஸ்ட்ரால் அளவு ஏறாது, இறங்கும். மொத்தமும் இறங்கும், எல்டிஎல்லும் இறங்கும், நல்லது என்கிற எச்டிஎல்லும் சேர்ந்து இறங்கும், போதாததற்கு அந்த எச்டிஎல்லின் காக்கும் திறனும் கெட்டுப்போகும். பேப்பரில் எண் அழகாக இருக்கும், ஆபத்து மட்டும் கூடவே இருக்கும். சிகிச்சை கொடுத்து மூட்டு அடங்கினால் கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறும், டோசிலிசுமாப் மாதிரி மூட்டு மருந்துகளில் அது நன்றாகவே தெரியும். அதைப் பார்த்து 'மருந்து கொலஸ்ட்ராலை ஏற்றிவிட்டது' என்று மூட்டு மருந்தை நிறுத்தியவர்களும் இருக்கிறார்களாம். அதனால்தான் ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவ அமைப்பான யூலார் 2017-இல் வெளியிட்ட பரிந்துரையில், கொலஸ்ட்ராலை நோய் அடங்கியிருக்கும் சமயத்தில் பார்ப்பதே நல்லது என்று சொல்கிறது. அதே பரிந்துரையில் இன்னொன்றும் உண்டு. சாதாரண மக்களுக்கான கணக்கில் வரும் ஆபத்தை முடக்குவாதக்காரர்களுக்கு 1.5-ஆல் பெருக்க வேண்டும், ஏனென்றால் இவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. லேபின் பச்சை முள் எதையும் பெருக்கவில்லை. பெருக்க வழியும் இல்லை, அதற்குத் தெரிந்தது ஜாயின்ட் பெயின்தானே.

மூட்டில் இருக்கும் நோய் இதயத்துக்கு எப்படிப் போகிறது என்று அம்மாவே கேட்டார். டாக்டர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன். மூட்டின் உள்சவ்வில் நோய் எதிர்ப்பு அணுக்கள் கூடி, டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 என்று சில பொருள்களைச் சுரக்கின்றன. அவை மூட்டோடு நிற்பதில்லை, ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. கல்லீரலுக்குப் போய், அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்க வைக்கின்றன, ரத்தக் குழாயின் உள்சுவருக்குப் போய் அதன் விரிந்து கொடுக்கும் தன்மையைக் கெடுக்கின்றன. சுவரில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்திருந்தால் அதற்குள்ளும் அழற்சி அணுக்கள் நுழைந்து அதன் மேல்மூடியை மெலிய வைக்கின்றன. ஒருநாள் அந்த மூடி கிழியும், அங்கே ரத்தம் உறையும், குழாய் அடைபடும். மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, குழாய் மெல்ல மெல்லக் குறுகி ஒருநாள் மூடிக்கொள்வதால் அல்ல. "அப்ப வாதம் எலும்போட போறதில்லையா" என்றார் அம்மா. "எலும்போட போயிருந்தா நான் ஏம்மா ஹார்ட்டப் பாக்கச் சொல்றேன்" என்றார் டாக்டர்.

இது வெறும் ஊகம் இல்லை. 2017-இல் கான்டோஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. முன்பே மாரடைப்பு வந்த, சிஆர்பி அதிகமாக இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் கனாகினுமாப் என்ற ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 15 சதவீதம் குறைந்தன. தொற்றுநோய் ஆபத்து கூடியது, அது இதயத்துக்கான மருந்தாக வரவும் இல்லை, ஆனால் அழற்சியே இதயத்தைக் கெடுக்கும் என்பது அதில் தெளிவாகிவிட்டது. உடனே 'அப்போ வாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட்டை எல்லாரும் போட்டுக்கலாமே' என்று யாராவது கிளம்புவார்கள், அதையும் சிர்ட் என்ற ஆய்வில் முடக்குவாதம் இல்லாத இதய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. முடக்குவாதம் இருப்பவர்களுக்குக் கதை வேறு. அவர்கள் அதை ஒழுங்காகப் போட்டு மூட்டை அடக்கி வைத்தால் இதயத்துக்கும் அது நல்லது என்றுதான் பல வருஷத் தரவுகள் காட்டுகின்றன. வாரத்துக்கு ஒரே நாள் போடும் மாத்திரை அது, தப்பித் தவறித் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் ஞாயிறு மாத்திரை என்றே பெயர்.

வலி மாத்திரையைப் பற்றி டாக்டர் அம்மாவை ஒரு பிடி பிடித்தார். நடவு, களையெடுப்பு சமயத்தில் எங்கள் தெரு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் போல விற்கும் மாத்திரை வேறு இல்லை, சீட்டு கேட்பதில்லை, உடம்பு வலியா இந்தா இரண்டு. அது மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும் மாத்திரை. இதே பெரிய குடும்பத்தில் ரோஃபெகாக்சிப் என்று ஒன்று இருந்தது, 2004-இல் இதய ஆபத்துக்காக உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்குப் போடுவதற்கு இந்தியாவில் 2006-லேயே தடை வந்துவிட்டது, செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால். கழுகுக்காவது யாரோ கேட்டார்கள். அப்புறம் ஸ்டீராய்டு. குறைந்த அளவில், குறைந்த காலம், டாக்டர் கணக்கில் என்றால் சரி. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் 'வாதத்துக்கு நல்லா கேக்கும்' என்று கொடுப்பதை வாங்கித் தின்றால் பிரஷரும் சர்க்கரையும் சேர்ந்து ஏறும், அது தனியாக இதயத்தைப் பதம் பார்க்கும்.

சரி, பேக்கேஜில் பயன்பட்டது எது? கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் மூன்றும். மெத்தோட்ரெக்ஸேட் போடுபவர்கள் இவற்றை எப்படியும் சில மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், அந்தச் செலவு மிச்சம். எக்கோவும் நிதானமாக, நன்றாகவே எடுத்திருந்தார்கள், இதயத்தின் பம்ப் வேலை சரியாக இருக்கிறது என்று தெரிந்தது நிம்மதி. ஹீமோகுளோபினைப் பொறுத்தவரை, தீராத அழற்சியே ரத்தசோகையைக் கொண்டுவரும், கீரை மட்டும் போதாது என்றார் தஞ்சாவூர் டாக்டர். முருங்கைக்கீரை பாவம், அதன் மேல் எவ்வளவுதான் ஏற்றுவது.

இல்லாதது எது? ஈஎஸ்ஆரும் சிஆர்பியும், அழற்சி எவ்வளவு என்று காட்டும் இரண்டு ரத்தப் பரிசோதனைகள். இந்த நோய்க்கு இவைதான் அடிப்படை, விலையும் அதிகமில்லை, தனியாகக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் இவர்கள் என்னிடம் விற்கப் பார்த்தது 'பிளாட்டினம்' பேக்கேஜ். இன்னொரு 3,000 ரூபாய் போட்டால் வைட்டமின் டி, பி12, ஹோமோசிஸ்டீன், அதி நுண்ணிய சிஆர்பி என்று நீளும். அந்த நுண்ணிய சிஆர்பியை இதயத்துக்குப் படிக்கும் முறை, 1-க்குக் கீழே நல்லது, 3-க்கு மேலே ஆபத்து என்பது. மூட்டு வீங்கியிருக்கும் முடக்குவாதக்காரருக்கு அது பெரும்பாலும் 3-ஐ எங்கேயோ தாண்டித்தான் இருக்கும், அதில் மூட்டின் பங்கு எது இதயத்தின் பங்கு எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சாதாரண சிஆர்பியே போதும். பிளாட்டினத்தைத் தொடாதீர்கள்.

டிரெட்மில் முடியாமல் போனதால் தஞ்சாவூர் டாக்டர் கழுத்து ரத்தக் குழாய்க்கு ஒரு ஸ்கேன் எழுதினார். குழாய்ச் சுவரில் சிறிய படிவு ஒன்று இருந்தது. பச்சை முள் காட்டிய அதே ஆளுக்குத்தான். இப்போது டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார், ஞாயிறு மாத்திரையின் அளவையும் கூட்டியிருக்கிறார், வீக்கம் அடங்கியதும் கொலஸ்ட்ராலை மறுபடியும் பார்க்க வேண்டும். வலி மாத்திரைப் பட்டையை அம்மா தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்திருக்கிறார், வேறெங்கும் ஒன்று ஒளித்து வைத்திருக்க மாட்டார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால்: பிரஷரும் சர்க்கரையும் பார்க்க இதற்குப் போக வேண்டியதே இல்லை, அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கிறார்கள். விண்ணப்பத்தில் முடக்குவாதம் என்று எழுதி, கவுண்டரில் என்ன அடிக்கிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். டிரெட்மில் வேண்டாம் என்று பணம் கட்டும் முன்பே சொல்லி விலையைக் குறைக்கக் கேளுங்கள், கட்டிய பிறகு கேட்டால் என்னிடம் சொன்னதைத்தான் சொல்வார்கள். ரிப்போர்ட்டைப் படிக்க மூட்டுவாத டாக்டரிடம் போங்கள், லேபில் தரும் ஆலோசனை கூப்பன் மாதிரி ஒரு இலவச இணைப்பு, அவ்வளவுதான்.

சுத்தத்துக்கும் பழகும் முறைக்கும் 5-க்கு 4. காசுக்குப் பெறுமானம், பொதுவாக 3½, முடக்குவாதக்காரர்களுக்கு 2. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் வசதியும் இருக்கிறது, சுவாமிமலை, திருவிடைமருதூர் வரை வருகிறார்கள், 100 ரூபாய் தனி, முந்தின நாள் மாலைக்குள் போனில் சொல்லிவிட வேண்டும். அந்த 100 ரூபாயை மட்டும் யோசிக்காமல் கொடுக்கலாம், விடியற்காலை விறைத்த காலோடு வெறும் வயிற்றில் டவுன் பஸ் ஏறி, லிஃப்ட் போடாத கட்டடத்துக்கு வந்து நிற்க வேண்டியதில்லை.